நிவந்தமும் மானியமும்: ஊர்க்கலைகளும் பொதுப்பணமும்

கலை வாழக் கலைஞன் வாழவேண்டும். கலைஞன் வாழ அவன் வீட்டு உலையில் அரிசி வேகவேண்டும். பண்பட்ட எந்தச் சமுதாயமும் இவ்வெளிய உண்மையை மறந்ததில்லை. பாணனுக்கும் கூத்தனுக்கும் பரிசில் நல்கிய வள்ளல்களைச் சங்கப் பாடல்களில் நாம் காண்கிறோம். ஆனால் வள்ளலின் பரிசில் ஒரு நாளைய மகிழ்ச்சி. வள்ளல் மறைந்தால் பரிசிலும் மறையும். கலையை ஓர் ஊரின் நிலைத்த வாழ்வோடு பிணைக்க விரும்பியவர்கள் வேறு வழிகளைத் தேடினார்கள். அவ்வழிகள் யாவை, அவற்றுக்கு நேர்ந்தது என்ன, இன்று அவற்றின் இடத்தில் நாம் வைத்திருப்பது எது என்பனவற்றை இங்கே ஆராய்வோம்.

தனி மேதை ஒருவருக்கு அளிக்கப்படும் விருதும் பொன்னாடையும் நம் பொருள் அல்ல. ஊரார் கூடி ஆடுவதும் ஊரார் கூடிக் காண்பதுமான கலைகளுக்குப் பொதுப்பணம் எவ்வாறு சென்றது என்பதே நம் பொருள். அதனை ஆராய்கையில் மூன்று வினாக்களை மனத்திற்கொள்வது நலம். பணம் யாருடையது? யாருக்கு அது உரியது என்று தீர்மானிப்பவர் யார்? பணம் நின்ற பிறகு எஞ்சுவது எது?

சொற்களே சில விடைகளைத் தருகின்றன. அலுவலகங்களில் நாள்தோறும் ஆங்கிலக் கோப்புகளைத் தமிழாக்கும் நம்போன்றோர்க்கு, ‘கிராண்ட்’ என்னும் சொல்லுக்கு எதிரில் எதனை எழுதுவது என்ற தயக்கம் அடிக்கடி எழுவதுண்டு. ‘மானியம்’ என்று எழுதலாம். அது முன்னாளில் வரி நீக்கித் தரப்பட்ட நிலத்தைக் குறித்தது. ‘நல்கை’ என்று எழுதலாம். அதில் கொடுப்பவரின் கனிவு தெரிகிறது. ‘உதவித்தொகை’ என்றால் வாங்குபவரின் வறுமை முன்னிற்கிறது. கல்வெட்டுகளில் வரும் சொற்களோ வேறு. கோயிற்பணிக்கு நிலையாக ஒதுக்கிய பொருள் ‘நிவந்தம்’. கூத்தர்க்கு விடப்பட்ட நிலம் ‘கூத்துக்காணி’. நட்டுவர்க்கு விடப்பட்டது ‘நட்டுவக்காணி’. காணி என்பது உரிமை. கூத்தன் இரந்து பெற்றதாக அச்சொல் கூறவில்லை. அவனுக்கு உரியது என்றே கூறுகிறது.

இந்நிவந்த முறையின் சிறந்த சான்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. 1010ஆம் ஆண்டில் எழுந்து நின்ற அக்கோயிலுக்கு, முதலாம் இராசராசன் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் கொணர்ந்து குடியமர்த்தினான். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் அளிக்கப்பட்டன. ஒரு பங்கு என்பது ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். ஆடுவோர் மட்டுமல்லாமல், நட்டுவர், பாடுவோர், குழலும் முழவும் இசைப்போர், இவர்களோடு ஒட்டி வாழ்ந்த பிற பணியாளர் ஆகியோருக்கும் பங்குகள் வகுக்கப்பட்டன. ஒரு நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்ற கணக்கு அதில் இல்லை. ஒரு கலைச் சமுதாயம் முழுவதும் தெருத்தெருவாக வாழ்வதற்கான கணக்கே அது.

அக்கல்வெட்டில் நம்மை வியக்கவைப்பது நெல்லின் அளவு அன்று; அதில் கண்ட ஒழுங்குமுறையே. பங்கு பெற்றவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ, அவருக்கு அணுக்க உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்யவேண்டும். அவ்வுறவினர் தகுதியற்றவராயின், தகுதியுடைய வேறொருவரைத் தேர்ந்து நிறுத்தவேண்டும். உறவினரே இல்லையெனில், மற்றப் பங்காளர்கள் கூடித் தகுதியுள்ளவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். தகுதியைக் கணிக்கும் பொறுப்பு அரசு அலுவலரிடம் விடப்படவில்லை. அக்கலையை அறிந்தவரிடமே விடப்பட்டது.

அதே கோயிலில், இரண்டாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று நாடகத்திற்கு விட்ட நிவந்தத்தைக் கூறுகிறது. வைகாசித் திருவிழாவில் இராசராசேச்சுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கும் அவன் வழியினருக்கும் ஆண்டுதோறும் நூற்றிருபது கலம் நெல் ஏற்படுத்தப்பட்டது. இன்று அந்நாடகத்தின் ஓரடிகூட நமக்குக் கிடைக்கவில்லை. அதற்கு அளந்த நெல்லின் கணக்கு மட்டும் கல்லில் நிற்கிறது. நிவந்தத்தின் வலிமையையும் அதன் எல்லையையும் இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

ஒரு நிலப்பகுதியையே கலைக்கு விட்ட செய்தி ஆந்திர நாட்டிலும் உண்டு. கிருட்டிணை ஆற்றுப் பகுதியிலுள்ள கூச்சிப்புடி என்னும் சிற்றூரைக் கோல்கொண்டாவின் இறுதிச் சுல்தானான அபுல் ஹசன் குதுப் ஷா, ஏறத்தாழ 1678ஆம் ஆண்டில், அங்கு ஆடிவந்த பாகவத அந்தணக் குடும்பங்களுக்கு அக்கிரகாரமாக அளித்தார் என்பது வழிவழி வந்த செய்தி. தம் கலையைக் கைவிடாது ஆடிவரவேண்டும் என்பதே நிபந்தனையாம். கொடுத்தவர் இசுலாமிய மன்னர். பெற்றவர் கண்ணன் கதையை ஆடிய வைணவ அடியார். விளைந்தது இன்று உலகறிந்த நடனக் கலை.

இவற்றைக் கேட்கையில் பழமை அனைத்தும் பொன்னென்று கொண்டாடத் தோன்றும். ஆனால் வரலாறு அவ்வளவு எளிதன்று. நிலத்தோடு கலை பிணைக்கப்பட்டபோது, கலையோடு பிறப்பும் பிணைக்கப்பட்டது. இன்ன குடியிற் பிறந்தவரே ஆடலாம். அக்குடியிற் பிறந்தவர் ஆடியே தீரவேண்டும். கோயிலில் ஆடிய மகளிரின் வாழ்வு பிற்காலத்தில் எத்தகைய இழிவுக்கு உள்ளாயிற்று என்பதை நாம் அறிவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய சட்டத் திருத்தம், அம்மகளிர் கோயிற்பணி செய்தாலன்றி அனுபவிக்க இயலாதிருந்த நிலங்களை அப்பணியினின்றும் விடுவித்தது. நிலம் அவர்களுக்கே உரியதாயிற்று. பணிசெய்யும் கட்டாயம் நீங்கிற்று. நிவந்தம் தந்த உறுதிக்கு மனிதர் கொடுத்த விலை எவ்வளவு என்பதை அச்சட்டம் நமக்கு உணர்த்துகிறது.

பழைய ஆதரவு இவ்வாறு ஒருபுறம் சீர்திருத்தத்தால் மாறியது. மறுபுறம் அரசியல் மாற்றத்தால் அறுந்தது. ஒரிசாவின் மயூர்பஞ்சு அரசில், பாரிபதா நகரில் சித்திரைத் திருவிழாவின்போது சௌ நடனம் ஆடிய வடக்குத் தெருக் குழுவும் தெற்குத் தெருக் குழுவும் அரண்மனையின் ஆதரவில் ஒன்றோடொன்று போட்டியிட்டு வளர்ந்தவை. 1949 சனவரி முதல் நாளன்று அவ்வரசு ஒரிசாவோடு இணைந்தது. மக்களாட்சிக்கு அது நன்னாள். நடனக் குழுக்களுக்கோ ஆதரவு சுருங்கத் தொடங்கிய நாள். கேரளத்தில் கோயில் நிலங்களின் வருவாயைக் கொண்டு கூத்தம்பலங்களில் கூடியாட்டம் ஆடிவந்த சாக்கியார், நம்பியார் குடும்பங்களுக்கும் அதுபோன்றதே நேர்ந்தது. 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தத்தால் உழுதவனுக்கு நிலம் கிடைத்தது. கோயிலின் வருவாய் குன்றியது. கூத்தனின் பங்கும் குன்றியது. நீதியான ஒரு செயல், தான் கருதாத ஓரிடத்தில் ஒரு விளக்கை மங்கச் செய்தது.

இடைப்பட்ட காலத்தில் அரசனையும் கோயிலையும் எதிர்பாராது கலைக்குப் பொருள் தேடியவர் வள்ளத்தோள் நாராயண மேனன். மலையாளப் பெருங்கவிஞராகிய அவர், மணக்குளம் முகுந்த ராஜாவோடு சேர்ந்து கேரள கலாமண்டலத்தை 1930இல் தோற்றுவித்தார். அதற்கு வேண்டிய பணத்தை நன்கொடையாலும் பரிசுச்சீட்டு நடத்தியும் திரட்டினார். கதகளியைக் காக்கப் பரிசுச்சீட்டா என்று இன்று சிலர் புன்னகைக்கக்கூடும். ஆயினும் அச்சீட்டை வாங்கிய ஒவ்வொருவரும் அக்கலைக்கு ஒரு சிறு புரவலராயினர் அன்றோ? 1941இல் கொச்சி அரசு அந்நிறுவனத்தை ஏற்றுக்கொண்டது. 1965இல் அங்குக் கூடியாட்ட வகுப்பு தொடங்கியபோது, பைங்குளம் இராமச் சாக்கியார் தம் குடிக்கு அப்பாற்பட்ட மாணவர்க்கும் அதனைக் கற்பித்தார். நிவந்தம் அடைத்து வைத்திருந்த கதவைப் பொதுப்பணம் திறந்தது. 2001இல் யுனெசுகோ கூடியாட்டத்தை மனித குலத்தின் அரிய மரபுச்செல்வமென அறிவித்தபோது, பிறப்பால் வந்தவரும் பயிற்சியால் வந்தவரும் அக்கலையில் ஒருங்கே நின்றனர்.

விடுதலைக்குப் பின், அரசனுடைய இடத்தில் மக்களின் அரசு நின்றது. கலைக்குப் புரவலராகும் கடமையும் அதனைச் சேர்ந்தது. 1953 சனவரி 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அவர்கள் சங்கீத நாடக அகாதெமியைத் தொடங்கிவைத்தார். நீதியரசர் பி. வி. இராசமன்னார் அதன் முதல் தலைவரானார். அடுத்த ஆண்டில் இலக்கியத்திற்கும் நுண்கலைகளுக்கும் தனித்தனி அகாதெமிகள் தோன்றின. பணம் அரசினுடையது, முடிவு கலையறிந்தோருடையது என்பது இவ்வமைப்புகளின் அடிப்படைக் கருத்து. இங்கிலாந்தில் 1940இல், போரின் நடுவே, பில்கிரிம் அறநிலையம் தந்த இருபத்தையாயிரம் பவுனைக் கொண்டு தொடங்கிய குழு ஒன்று, 1946இல் கலை மன்றமாக வளர்ந்தது. அங்கும் அரசு பணம் தந்து எட்ட நிற்பதே நெறியாயிற்று. அந்நெறி எழுதுவதற்கு எளிது, காப்பதற்கு அரிது.

புதுதில்லியில் 1956இல் அகாதெமி நடத்திய நாடகக் கருத்தரங்கில் நாட்டுப்புற நாடகங்களைப் பற்றியும் அறிஞர்கள் உரையாடினர். அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1954இல், வானொலியின் ஒரு பகுதியாகப் பாடல் நாடகப் பிரிவு என்னும் அமைப்பு தோன்றியிருந்தது. 1960இல் அது தனி அமைப்பாயிற்று. ஐந்தாண்டுத் திட்டங்களின் செய்தியை ஊர்தோறும் கொண்டுசெல்ல, கூத்தையும் பாவையாட்டத்தையும் கதைப்பாட்டையும் அது பயன்படுத்தியது. கலைஞர் பலருக்கு அதனால் வருவாய் கிடைத்தது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் தெளிதல் வேண்டும். அரசின் செய்தியைச் சொல்வதற்காகக் கூத்தனுக்குத் தருவது கூலி. கூத்தன் தன் கூத்தை ஆடுவதற்காகத் தருவது மானியம். இரண்டும் தேவைப்படலாம். ஒன்றை மற்றொன்றின் கணக்கில் எழுதினால், கலை வளர்ந்ததாகக் காகிதம் கூறும். கூத்தோ மெல்ல விளம்பரமாக மாறும். அப்பிரிவு 2017இல் பிற விளம்பர அமைப்புகளோடு இணைக்கப்பட்டது.

அகாதெமிகளின் பணியை ஆராய 1964இல் ஹோமி பாபா தலைமையிலும், அதன்பின் நீதியரசர் கோஸ்லா, பி. என். ஹக்சர் ஆகியோர் தலைமையிலும் குழுக்கள் அமைந்தன. கோஸ்லா குழு 1972இலும், ஹக்சர் குழு 1990இலும் தம் அறிக்கைகளை அளித்தன. ஒரு தலைமுறைக்குள் மூன்று குழுக்கள் அமைந்ததே, பொதுப்பணத்திற்கும் கலையுரிமைக்கும் இடையிலுள்ள சிக்கல் எளிதில் தீராதது என்பதற்குச் சான்றாகும்.

1984 முதல் பத்தாண்டுகள், மரபு வடிவங்களைத் தழுவிப் புதிய நாடகம் படைக்கும் இளம் இயக்குநர்க்கு அகாதெமி உதவியது. அதனால் அரிய நாடகங்கள் பிறந்தன. ஆனால் அக்காலத்திலேயே ஒரு குறையும் எழுந்தது. ஊர்க்கூத்தின் அடவையும் முகமூடியையும் எடுத்துத் தலைநகர மேடைக்குக் கொணர்ந்தவர்க்குப் பணம் கிடைத்தது; அவ்வடவை இரவெல்லாம் ஆடிக் காத்த ஊர்க்குழுவிற்குக் கிடைத்ததென்ன என்று பலர் வினவினர். அவ்வினா இன்றும் ஆறவில்லை.

தலைநகரிலிருந்து கலைகளை ஊர்ப்புறத்திற்குத் திருப்பும் நோக்கோடு 1985, 1986ஆம் ஆண்டுகளில் ஏழு மண்டலப் பண்பாட்டு நடுவங்கள் அமைக்கப்பட்டன. பாட்டியாலா, உதயப்பூர், அலகாபாத், கல்கத்தா, திமாப்பூர், நாகபுரி, தஞ்சாவூர் ஆகியன அவற்றின் இருப்பிடங்கள். நடுவணரசும் மாநிலங்களும் சேர்ந்து மூலநிதி வைத்து, அதன் வட்டியைக் கொண்டு பணி நடைபெறவேண்டும் என்பது ஏற்பாடு. முதலை அழிக்காது விளைவை மட்டும் செலவிடுவது நிவந்தத்தின் நெறியே அன்றோ? நானூறு பங்குகளைக் கல்லில் வெட்டிய தஞ்சையிலேயே தென்மண்டல நடுவம் அமைந்தது பொருத்தமானதே. ஆயினும் நிலத்தின் நெல் விலைவாசியோடு தானும் உயரும். வங்கியின் வட்டி அவ்வாறு உயர்வதில்லை.

இனி, இன்றைய மானியம் ஓர் ஊர்க்குழுவைச் சென்று சேரும் வழியைக் காண்போம். பொதுவாக, குழு ஒன்று பதிவு பெற்ற சங்கமாக இருத்தல் வேண்டும். அதற்குரிய சட்டமோ 1860ஆம் ஆண்டினது. தணிக்கை செய்த கணக்கு வேண்டும். சென்ற ஆண்டின் செயலறிக்கை வேண்டும். பெற்ற பணத்தை உரிய வழியில் செலவிட்டதாகப் பயன்பாட்டுச் சான்றிதழ் வேண்டும். அண்மைக் காலத்தில் வகுக்கப்பட்ட குரு சீடர் மரபுத் திட்டத்தில், ஒரு குழுவில் ஒரு குருவுக்கும் பதினெட்டுச் சீடர் வரைக்கும் திங்கள்தோறும் தொகை வழங்க இடமுண்டு. குருவுக்குப் பதினையாயிரம் ரூபாய். இவ்விதிகளில் தவறென்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. பொதுப்பணத்திற்குக் கணக்குக் கேட்பது பொதுமக்களின் உரிமை. ஆனால் இவ்விதிகளைத் தமிழாக்கிப் பழகிய நாம் ஒன்றை அறிவோம்: படிவத்தை நன்றாக நிரப்பத் தெரிந்த குழு முன்னே செல்கிறது, இரவு முழுதும் ஆடத் தெரிந்து, படிவம் நிரப்பத் தெரியாத குழு பின்தங்குகிறது. படிவத்தின் மொழியை எளிமையாக்கினால் சிறிது பயன் உண்டு. அதனினும் பயனுள்ளது, குழு ஆடும் ஊருக்கே சென்று, விடியும்வரை அமர்ந்து பார்த்து, உடன் இருந்து எழுதித்தரும் ஓர் அலுவலர்.

மானியம் நன்கு பயன்பட்ட இடங்களும் உண்டு. கருநாடகத்தில், சிவமொக்கா மாவட்டத்துச் சாகர வட்டத்திலுள்ள ஹெக்கோடு ஒரு பாக்குத்தோட்டச் சிற்றூர். அங்கு 1949இல் கே. வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் நீநாசம் என்னும் நாடகச் சங்கத்தைத் தொடங்கினர். பல்லாண்டுகள் உழவர்களும் சிறுவணிகரும் கூடிப் பகலில் தொழில் செய்து, இரவில் நாடகம் பயின்றனர். 1980இல் நாடகப் பள்ளி ஒன்று எழுந்தது. 1983 முதல் 1985 வரை, ஃபோர்டு அறநிறுவனத்தின் நல்கையைக் கொண்டு ‘ஜனஸ்பந்தன’ என்ற திட்டத்தின்கீழ்க் கருநாடகத்தின் பல ஊர்களில் நாடக, திரைப்படப் பயிற்சி முகாம்களை நடத்தினர். அந்நல்கை ஒரு நாள் முடிந்தது. ஆனால் பணி முடியவில்லை. 1985இல் ‘திருகாட்ட’ என்னும் சுற்றுலா நாடகக் குழு புறப்பட்டு, ஊரூராகச் சென்று, சீட்டு விற்று, நாடகம் நடத்தத் தொடங்கிற்று. 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசாசே விருது கிடைத்தது. மானியம் வருமுன்பே முப்பதாண்டுகள் அவ்வூரில் கலை உயிரோடிருந்தது. ஆகவே மானியம் நின்றபின்னும் அது உயிரோடிருந்தது. வேர் இருந்த மரத்திற்கு ஊற்றிய நீர் அது.

மேற்கு வங்கத்தில் மேதினிபூர்ப் பகுதியைச் சேர்ந்த நயா என்ற சிற்றூரில் வாழும் பட்டுவாக்கள் நீண்ட சுருளில் படம் எழுதி, அதனை விரித்துக் காட்டிப் பாடுவோர். அவருட் பெரும்பாலோர் இசுலாமியர். எழுதிப் பாடுவனவற்றுள் இராமகதையும் உண்டு, மனசாதேவியின் கதையும் உண்டு. ஆதரவின்றித் தளர்ந்திருந்த அவர்களுக்கு 2000ஆம் ஆண்டிற்குப் பின், மண்டலப் பண்பாட்டு நடுவத்தின் உதவியும் பின்னர் ஐரோப்பிய ஒன்றியத்தின் நல்கையும் கிடைத்தன. பணத்தைக் கையில் தருவதோடு நில்லாமல், மூத்தவர் இளையவர்க்குக் கற்பிக்கவும், வாங்குவோர் ஊருக்கே வரவும் வழிசெய்யப்பட்டது. 2010 முதல் அவ்வூரில் ‘பட் மாயா’ என்னும் விழா ஆண்டுதோறும் நடைபெறத் தொடங்கியது. கலைஞன் நகரத்தை நாடிச் செல்வது போய், நகரம் கலைஞனின் திண்ணையை நாடி வந்தது. அம்மாநில அரசு 2014இல் நாட்டுப்புறக் கலைஞர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் தரும் திட்டத்தையும் தொடங்கிற்று. ஆயிரம் ரூபாயைக் கொண்டு ஒரு குடும்பம் வாழ இயலாது என்பது உண்மையே. ஆனால் நிகழ்ச்சிக்கு இவ்வளவென்று மட்டும் பெற்றுவந்த கலைஞர்கள், 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் விழாக்கள் யாவும் நின்றபோது பட்ட பாட்டை நினைப்போமாயின், சிறிதாயினும் திங்கள்தோறும் வருவதன் அருமை விளங்கும்.

இவ்வரலாற்றினின்று நாம் தெளிவன சில. நிவந்தம் உறுதியைத் தந்தது. ஆனால் பிறப்பென்னும் வேலியை இட்டது. மானியம் வேலியை நீக்கியது; ஆனால் உறுதியைத் தரவில்லை. ஓராண்டு வரும், மறு ஆண்டு வராது என்ற நிலையில் எந்தத் தந்தையும் தன் மகனை மத்தளம் பழக அனுப்பமாட்டான். ஒரு கூத்தன் உருவாகப் பத்தாண்டு ஆகும். ஒரு திட்டத்தின் ஆயுளோ இரண்டு மூன்று ஆண்டுகளே. இவ்விரண்டு கால அளவுகளுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் வீழ்ந்து மறைந்த கலைகள் பல.

ஆகவே நம் காலத்திற்கு வேண்டியது, பழமையின் உறுதியும் புதுமையின் திறந்த வாயிலும் சேர்ந்த ஓர் ஏற்பாடு. யார் வேண்டுமாயினும் பயிலலாம். ஆனால் பயிலத் தொடங்கியவன் பயிற்சி முடியும்வரை கைவிடப்படலாகாது. கணக்குக் கேட்கப்படவேண்டும், ஆனால் கணக்கெழுதும் துணையும் தரப்படவேண்டும். தகுதியைக் கணிப்போருள் அக்கலையை ஆடுவோரும் இருத்தல் வேண்டும். இதனை ஆயிரமாண்டுகட்கு முன்னரே தஞ்சையின் கல் கூறியுள்ளது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊராரின் பங்கு அதில் இருத்தல் வேண்டும். அது ஒரு படி நெல்லாகவோ, ஒரு ரூபாய்ச் சீட்டாகவோ, விடியும்வரை கண்விழித்துக் காணும் அன்பாகவோ இருக்கலாம். அரசின் பணம் மேடையை எழுப்பித் தரும். அம்மேடையின் முன் பாய்விரித்து அமரவேண்டியவர் நாமே.